முட்டி வலியும் நாற்பத்தைந்தாயிரம் ரூபாயும்

வலது முட்டியின் வெளிப்பக்கம், எலும்பு லேசாகப் புடைத்திருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வலி. நடந்தால் இல்லை. உட்கார்ந்தால் இல்லை. ஓட ஆரம்பித்து மூன்று கிலோமீட்டர் வரை இருக்கும் இடமே தெரியாது. நாலாவது கிலோமீட்டரில் லேசாக உறுத்தும், அடுத்த சில நிமிடங்களில் காலை ஊன்ற முடியாதபடி குத்தும். நின்றுவிட்டு நடந்தால் அடங்கிவிடும். அடுத்த முறை ஓடினால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி வந்து நிற்கும். இவ்வளவையும் யாராவது ஒருவர் முதலிலேயே பொறுமையாகக் கேட்டிருந்தால் என் பிரச்சினை என்னவென்று அங்கேயே தெரிந்திருக்கும். கேட்கிற ஆள் கிடைக்க ஏழெட்டு மாதம் ஆனது. அதற்குள் ஏறத்தாழ ரூ.45,000 கைவிட்டுப் போனது. அழுத ராத்திரிகள் தனி.

நான் கோவையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டிய வயது. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கரை. எனக்கும் எல்லையில் வந்து நிற்கிறது என்று ஒரு பரிசோதனையில் சொன்னதும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். நடை மெல்ல ஓட்டமானது. விடிகாலையில் அங்கே ஓடுகிற ஒரு குழு என்னையும் சேர்த்துக்கொண்டது. சர்க்கரை குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் யாரும் எழுவதற்கு முன்னால் எனக்கே எனக்கென்று கிடைத்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் தொடர்ந்து ஓடினேன். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. "ஓட்டம் எதுக்கு, நடந்தா போதாதா?" என்று ஒருவர் சுலபமாகச் சொல்லும்போது, நம்மிடமிருந்து எதைப் பறிக்கிறார் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

அந்த வருடம் குழுவாகக் கோயமுத்தூர் மாரத்தானில் 21.1 கிலோமீட்டருக்குப் பதிவு செய்தோம். வாட்ஸாப்பில் ஒரு பயிற்சி அட்டவணை வந்தது. யார் யாருக்காகவோ போட்டது, எல்லோரும் அதையே பின்பற்றினோம். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் எட்டிலிருந்து பத்துக்கும், பத்திலிருந்து பதின்மூன்றுக்கும் தாவியது. நடுவில் ஒரு ஞாயிறு மருதமலை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மலைப்பாதையில் ஓடி ஏறுவது, முருகனைக் கும்பிட்டுவிட்டு ஓடியே இறங்குவது. ஏறும்போது மூச்சு வாங்கியதோடு சரி. இறங்கும்போதுதான் முட்டியின் வெளிப்பக்கம் முதல் குத்து. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். டிபன் சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

தூரத்தைக் கூட்டுவது பற்றி ஒரு விஷயம். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஓடுகிறவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். 2025-ல் வெளியான ஓர் ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைக் கவனித்துவிட்டு வேறு மாதிரி சொன்னது. வாரத்தின் மொத்தத் தூரம் அவ்வளவாகத் துப்புக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு ஓட்டம், முந்தைய 30 நாட்களில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடும்போதுதான் காயம் வருவது அதிகமாகிறது. அதாவது போன மாதம் அதிகபட்சம் பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தால் இந்த ஞாயிறு பதினொன்று. பதின்மூன்று கிடையாது. குழுவில் எல்லோரும் பதின்மூன்று ஓடினாலும் உங்களுக்குப் பதினொன்றுதான். திரும்பி வந்து டீக்கடையில் காத்திருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலி தொடங்கிய முதல் மாதம் ஆளாளுக்கு ஒரு யோசனை. "ஓடி ஓடியே கரைச்சிருங்க மேடம், எனக்கெல்லாம் அப்படித்தான் போச்சு" என்றார் குழுவில் ஒரு அண்ணா. இன்னொருவர் ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு வலி மாத்திரை போடச் சொன்னார். பர்ஸிலிருந்து பட்டையையே எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டால் நாலாவது கிலோமீட்டரில் வருவது ஏழாவதில் வந்தது, ஆனால் வந்தபோது இரண்டு மடங்காக வந்தது. டைக்லோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடுவது சாதாரண விஷயமில்லை. வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. வயிற்றைப் புண்ணாக்குவது இன்னொரு பக்கம். எனக்கு நெஞ்செரிச்சலோடு போயிற்று. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

பிறகு ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருப்பு, உள்ளே ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வயசுல எதுக்கு ஓட்டம்? தேய்மானம் ஆரம்பிக்குது. கீழ உட்காராதீங்க, படி ஏறாதீங்க, ஓடறதை அடியோட விட்ருங்க" என்றார். வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போடும்போது எனக்கு வலிப்பதே இல்லை, ஓடினால் மட்டும்தான் வலிக்கிறது என்று சொன்னேன். மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே தலையாட்டினார். என் முட்டியை அவர் தொடவில்லை. அந்த அறைக்குள் நான் சொன்னதிலேயே முக்கியமான வாக்கியம் அதுதான் என்பது பிற்பாடுதான் எனக்கே தெரிந்தது. முட்டிச்சில்லுக்குப் பின்னால் கோளாறு இருந்தால் குந்தி உட்கார்ந்து எழும்போது அது பெரும்பாலும் சத்தம் போடும். என்னுடையது அங்கே வாயே திறக்கவில்லை.

எக்ஸ்ரே எலும்பை மட்டும் காட்டும். ஓடுகிறவர்களின் முட்டி வலி பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள தசை, நாண், பட்டைகள் சம்பந்தப்பட்டது. அதனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதற்கும் ஏதோ இருக்கிறது என்பதற்கும் நம் வலியோடு நேரடித் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ரூ.7,500. மருத்துவக் காப்பீட்டில் கேட்டால், படுக்கையில் சேராமல் எடுத்த ஸ்கேனுக்கு வராது என்றார்கள். ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள்: முட்டியின் உள்பக்கத்து மெனிஸ்கஸில், அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வதில், கிரேடு 2 சிக்னல், முட்டிச்சில்லுக்கு அடியில் லேசான காண்ட்ரோமலேசியா, அதாவது குருத்தெலும்பு மெத்தென்று ஆவது. "ஜவ்வு கிழிய ஆரம்பிச்சிருக்கு" என்று எனக்கு விளக்கம் கிடைத்தது. எனக்கு வலிப்பதோ வெளிப்பக்கம். ரிப்போர்ட் சொல்வது உள்பக்கம். இதைக் கேட்கும் தைரியம் அன்றைக்கு வரவில்லை. அவ்வளவு பெரிய கவரைக் கையில் வாங்கியதும் வாய் அடைத்துவிட்டது.

இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். கிரேடு 1, கிரேடு 2 சிக்னல் என்பது மெனிஸ்கஸுக்கு உள்ளே நடக்கும் மாற்றம். அது மேற்பரப்பு வரை வரவில்லை, எனவே அது கிழிசல் இல்லை. வயதாக ஆக வருவது. 2020-ல் லண்டனிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், முட்டி வலியே இல்லாத, உடற்பயிற்சிப் பழக்கமும் இல்லாத 115 பேரின் 230 முட்டிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 44, கிட்டத்தட்ட என் வயதுதான். நூற்றுக்கு 97 முட்டிகளில் ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. நூற்றுக்கு 30 முட்டிகளில் மெனிஸ்கஸ் கிழிசலே இருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை! ஆகவே எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏதாவது வரும், வரத்தான் செய்யும். கையில் தொட்டுப் பார்த்து, இன்னதாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகத்துக்கு வந்த பிறகு அதை உறுதிப்படுத்த எடுக்கும் ஸ்கேன் வேறு. எதையும் பார்க்காமல் எடுக்கும் ஸ்கேன் வேறு. "இந்த ஸ்கேனில் என்ன தெரிந்தால் என் சிகிச்சை மாறும்?" என்று எழுதிக் கொடுப்பவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் எடுங்கள்.

ரிப்போர்ட் வந்த அந்தச் சில வாரங்கள்தான் மிக மோசம். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் படிப்பேன். ஒரு மணிக்குள் மனதளவில் முட்டி மாற்று அறுவை சிகிச்சை வரை போய்விடுவேன். படி இறங்கப் பயம். பஸ்ஸில் இருந்து குதித்து இறங்கப் பயம். நடப்பதற்கே வலது காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி நடந்ததில் இடது இடுப்பு பிடித்துக்கொண்டது. "விட்டுத் தொலையேன், என்ன ஒலிம்பிக்ஸா போகப் போற?" என்று வீட்டுக்காரர் சொன்னது வேடிக்கைக்குத்தான், ஆனால் அன்றைக்கு அவரோடு பேசவில்லை. ஞாயிறு காலை குழுவின் புகைப்படங்கள் வரும், எல்லோரும் வியர்த்து, சிரித்துக்கொண்டு. குழுவை மியூட் செய்தேன், பிறகு வெளியேறினேன். போட்டி நாள் வந்தது, போனது. பதிவுக் கட்டணம் திரும்ப வராது என்பது விதி. டி-ஷர்ட்டை மட்டும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை இன்னும் பிரிக்கவில்லை.

அடுத்து ஊசி. வேறொரு மருத்துவமனையில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதிலிருக்கும் பிளேட்லெட்டுகளைப் பிரித்து முட்டிக்குள் போடும் பி.ஆர்.பி. ஊசி போட்டால் ஜவ்வு வளரும் என்றார்கள். மூன்று ஊசி ஒரு பேக்கேஜ், இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி. மருத்துவத்தில் "இந்த வாரத்துக்குள்" என்று யாராவது சொன்னால், அது அவசர சிகிச்சையாக இல்லாத பட்சத்தில், எழுந்து வந்துவிடலாம் என்பது என் இன்றைய கருத்து. அன்று ஒரு ஊசிக்கு மட்டும் ரூ.18,000 கட்டினேன். மூன்று நாள் முட்டி வீங்கியது. பிறகு ஓடிப் பார்த்தபோது நாலாவது கிலோமீட்டரில் அதே குத்து, அதே இடம். வலி இருந்தது மூட்டுக்கு வெளியே, ஊசி போனது மூட்டுக்கு உள்ளே. எப்படிக் குறையும்? தேய்மானம் உள்ளவர்களுக்கே இந்த ஊசி பற்றி ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் செய்து 2021-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பிளேட்லெட் ஊசிக்கும் வெறும் உப்புநீர் ஊசிக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை என்றுதான் வந்தது.

வீட்டில் தனி சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அத்தை வாரம் தவறாமல் ஆட்டுக்கால் சூப்பு வைத்தார்கள், பிரண்டைத் துவையல் அரைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் கொடுத்தார். கொலாஜன் பவுடர், குளுக்கோசமைன் மாத்திரை என்று நான் வாங்கிச் சாப்பிட்டது ஐயாயிரம் ரூபாய்க்கு. இந்த வரிசையில் செலவழித்த காசுக்கு ஏதாவது கிடைத்தது என்றால் அது அத்தையின் சூப்பில்தான், ருசியாவது இருந்தது. ரூ.1,200-க்கு வாங்கிய, முட்டியில் மாட்டும் 'நீ கேப்' வேர்வையில் நனைந்து தோலை அரித்தது. ஷூக் கடையில் ஒரு மிஷின் மேல் நிற்கவைத்து என் பாதம் தட்டை, கால் உள்பக்கம் சாய்கிறது, அதனால்தான் முட்டி வலி என்று சொல்லி ரூ.11,500-க்கு ஒரு ஜோடி விற்றார்கள். நல்ல ஷூதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஷூவின் அடி தேய்ந்து, குஷன் செத்துப்போயிருந்தால் மாற்றுங்கள். புதியதில் காலை விட்டதும் வசதியாக இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்கு மருந்தாக ஷூ வாங்காதீர்கள்.

திருப்பம் வந்தது எங்கள் கிளையிலேயே. நகைக்கடன் புதுப்பிக்க ஒரு பெண் வந்திருந்தார். நான் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுங்க்கா முட்டிக்கு?" என்றார். பிசியோதெரபிஸ்ட். கல்லூரிக் காலத்தில் தடகளம் ஓடியவராம். அந்த வார சனிக்கிழமை அவருடைய சின்ன கிளினிக்குக்குப் போனேன். கவரைப் பிரிக்கப் போன என்னைத் தடுத்து, "அது அப்புறம் பார்க்கலாங்க்கா. ஒரு விரலால எங்க வலிக்குதுன்னு தொட்டுக் காட்டுங்க" என்றார். காட்டினேன். எத்தனையாவது கிலோமீட்டரில் வரும், மேட்டிலா இறக்கத்திலா, மெதுவாக ஓடினால் அதிகமா வேகமாக ஓடினால் அதிகமா, மறுநாள் காலை எப்படி இருக்கும், எப்போது தொடங்கியது, அதற்கு முந்தைய வாரம் என்ன ஓடினீர்கள் என்று அரை மணி நேரம் கேள்வி. அந்த அரை மணி நேரத்தில் நான் பாதி குணமாகிவிட்டேன் என்றால் மிகையாகத் தெரியும், ஆனால் அப்படித்தான் இருந்தது. ஏழெட்டு மாதத்தில் என் முட்டியைப் பற்றி என்னிடமே கேட்ட முதல் ஆள் அவர்.

பிறகு படுக்கவைத்து, முட்டியை மடக்கி, வெளிப்பக்க எலும்புக்குச் சற்று மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே காலை மெல்ல நீட்டினார். கால் முழுவதும் நீள்வதற்குக் கொஞ்சம் முன்னால், ஏறக்குறைய முப்பது டிகிரி மடங்கி இருக்கும் இடத்தில், கத்திவிட்டேன். "இதேதானே?" இதேதான். ஒரு சின்ன ஸ்டூல் மேல் வலது காலில் மட்டும் நின்று இடது குதிகாலால் தரையைத் தொடச் சொன்னார். வலது முட்டி உள்பக்கம் சரிந்தது, இடுப்பின் இடது பக்கம் கீழே இறங்கியது. இடது காலில் செய்தபோது அவ்வளவு இல்லை. போனில் படம் எடுத்துக் காட்டினார். ஐ.டி. பேண்ட் சின்ட்ரோம் என்றார். ஓடுகிறவர்களுக்கு முட்டியின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்றாலே முதலில் நினைக்க வேண்டியது இதைத்தானாம்.

ஐ.டி. பேண்ட் என்பது இடுப்பின் பக்கவாட்டிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி, முட்டியைத் தாண்டி முன்னங்கால் எலும்பில் போய்ப் பிடிக்கும் ஒரு தடித்த பட்டை; பள்ளிக்கூடப் பையின் வார் மாதிரி கெட்டியாக இருக்கும். அது எலும்பின் மேல் முன்னும் பின்னும் உரசுவதால் வலி என்று முன்பு நினைத்தார்கள். 2006-ல் உடற்கூற்றியல் ஆய்வாளர்கள் பார்த்துச் சொன்னது, பட்டை உண்மையில் அப்படி நழுவுவதில்லை, அதற்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் நரம்புகள் நிறைந்த கொழுப்புத் திசு நசுங்குகிறது என்று. அந்த நசுக்கல் முட்டி முப்பது டிகிரி மடங்கும்போது அதிகம். மெதுவாக ஓடும்போதும் இறக்கத்தில் ஓடும்போதும் கால் தரையில் படும் நேரம் முட்டி அந்தக் கோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேகமாக ஓடும்போது முட்டி அதிகமாக மடங்கிவிடுகிறது. கோலம் போட உட்காரும்போது அந்தக் கோணத்தை ஒரே நொடியில் கடந்துவிடுகிறோம். மருதமலை இறக்கத்தில் தொடங்கியது ஏன், தயங்கித் தயங்கி மெதுவாக ஓட ஓட ஏன் மோசமானது என்பதெல்லாம் எனக்கு அப்போது புரிந்தது.

ஓட்டத்தை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம் மட்டும் நடை. அதற்குப் பிறகு, வலி வரும் தூரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். நாலு கிலோமீட்டரில் வலித்தால் இரண்டு கிலோமீட்டர்தான், சமதரையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓடும்போது பத்துக்கு இரண்டு அளவு உறுத்தல் இருந்தால் பரவாயில்லை, அது கூடினால் நிறுத்த வேண்டும். மறுநாள் காலை படி இறங்கும்போது முந்தைய நாளைவிட அதிகமாக வலித்தால், அந்த ஓட்டம் அதிகம் என்று பொருள். இந்த இரண்டு அளவுகோல்கள் போதும். இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

உண்மையான வேலை இடுப்பில். பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது, முதலில் வெறுமனே, பிறகு முட்டிக்கு மேல் ரப்பர் பேண்ட் மாட்டி. முழங்கையில் ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் நேராகத் தூக்கிப் பிடிக்கும் பிளாங்க். ஸ்டூலில் இருந்து ஒற்றைக்காலில் மெதுவாக இறங்குவது, கண்ணாடி முன்னால், முட்டி உள்ளே சரியாமல் பார்த்துக்கொண்டு. ஒற்றைக்காலில் நின்று முன்னால் குனிந்து தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்து எடுப்பது. பிறகு பாட்டில் ஐந்து கிலோ அரிசிப் பையாக மாறியது. வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம். சலிப்பு தட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம் வரை எந்த மாற்றமும் தெரியாது, அப்போதுதான் நிறையப் பேர் விட்டுவிடுவார்கள் என்றார். எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தசை வலுவாக ஆறிலிருந்து எட்டு வாரமாவது வேண்டும். அதற்கு முன்னால் "குணமாகிவிட்டது" என்று தோன்றினால் அது ஓய்வினால் வந்தது, நம்பாதீர்கள்.

எல்லோரும் கேட்கும் ஃபோம் ரோலர், அதாவது தசையை உருட்டி நீவும் உருளை பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பட்டையை உருட்டி நீளமாக்க முடியாது, அது அவ்வளவு இறுக்கமான திசு. வலிக்கும் இடத்தின் மேலேயே ரோலரை வைத்து உருட்டினால் ஏற்கெனவே நசுங்குவதை இன்னும் நசுக்குவோம். தொடையின் முன்பக்கமும் பிட்டமும் உருட்டினால் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஓடும் விதத்தில் இரண்டே மாற்றங்கள். என் இரண்டு பாதங்களும் ஒரே கோட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தன. அது பட்டையை இன்னும் இழுக்கும். நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து அதன் இரண்டு பக்கமும் கால் வைக்கச் சொன்னார். இரண்டு நாள் வாத்து நடை மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது. இன்னொன்று, கால் எட்டி வைக்கும் தூரத்தைக் குறுக்கி, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்பதைக் கூட்டுவது. 2011-ல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில் வேகத்தை மாற்றாமல் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டியபோதே முட்டி தாங்கும் சுமை குறைந்தது. என்னுடையது நிமிடத்துக்கு 156 அடி, 166-க்குக் கொண்டுவந்தோம். 180 என்று பலர் சொல்வார்கள். அந்த எண்ணை எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டாம். நம் எண்ணிலிருந்து ஐந்து சதவீதம் போதும்.

எல்லா முட்டி வலியும் இது இல்லை. சில்லைச் சுற்றியோ அதற்குப் பின்னாலோ வலி, படி இறங்கும்போதும் சினிமா தியேட்டரில் நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போதும் அதிகம் என்றால் அது வேறு. அதற்கும் இடுப்பு, முன்தொடைப் பயிற்சிகள்தான் முதல் சிகிச்சை என்றாலும் அளவும் விதமும் மாறும். சில்லுக்கு நேர் கீழே, நாணில் மட்டும் வலித்தால் அது இன்னொன்று. ஆனால் முட்டி திரும்பும்போது 'டொப்' என்று சத்தம் கேட்டு அன்றைக்கே வீங்கினால், முட்டி மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று கைவிட்டால், சூடாகிச் சிவந்து காய்ச்சல் அடித்தால், ஓடாத நாளிலும் ராத்திரி வலி எழுப்பினால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள். நான் மருத்துவர்களுக்கு எதிரானவள் இல்லை. தொடாமல் சொல்லும் தீர்ப்புக்குத்தான் எதிரானவள்.

போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரு விரலால் காட்ட முடியுமா, முடிந்தால் எங்கே, எத்தனை தூரத்தில் வருகிறது, என்ன செய்தால் வருவதில்லை, வலி தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் என்னென்ன ஓடினோம். கடைசி விவரம் போனில் இருக்கும் ஆப்பிலேயே கிடைக்கும். என் பிசியோவுக்கு ஒரு முறைக்கு ரூ.600. வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ரப்பர் பேண்ட் ரூ.350. குணமாக ஆன மொத்தச் செலவு அந்த ஒற்றை ஊசியின் விலையில் பாதி கூட இல்லை. இதையும் கொடுக்க முடியாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஓடினா முட்டி தேஞ்சுரும்" என்று சொல்கிற சொந்தக்காரர்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், உடம்புக்காகவும் சந்தோஷத்துக்காகவும் ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டித் தேய்மானம் இருந்தது 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகவே தீவிரமாக ஓடுகிறவர்களுக்கு மட்டும் 13.3. நான் எந்தப் போட்டியிலும் மெடல் வாங்கப் போவதில்லை என்பதால் முதல் கூட்டத்தில் இருக்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ரேஸ்கோர்ஸில் ஓடுகிறேன். லாங் ரன் பன்னிரண்டு வரை வந்திருக்கிறது. உடற்பயிற்சியைத் தொடர்ந்து இரண்டு வாரம் விட்டால் வெளிப்பக்கம் லேசாக ஞாபகப்படுத்துகிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். வாட்ஸாப் குழுவில் திரும்பச் சேர்ந்தாயிற்று, அட்டவணை மட்டும் என்னுடையது. மருதமலைக்கு அவர்கள் போகிற ஞாயிறு நானும் போகிறேன். ஏறுவது ஓடி. இறங்குவது தேவஸ்தான பஸ்ஸில்.